குறையால் வந்த நிறை

ஆசிரியன் ஒருவன் தன் பணிக்காலத்தில் பல்லாயிரம் கேள்விகளுக்கு விடை கூறுகிறான். விடை கூறிய கேள்விகள் அவன் நினைவில் நிற்பதில்லை. கூறாமல் விட்டவை அவனை எளிதில் விடுவதில்லை. அத்தகைய கேள்வி ஒன்று என்னிடம் நெடுநாள் கடனாக நின்றது. அதனோடு, மாணவன் ஒருவன் கண்டு சொன்னதைக் காது கொடுத்துக் கேளாமல் ஒதுக்கிய பிழையும் ஒன்று உண்டு. பணியினின்று ஓய்வு பெற்ற பின்னர்க் கிடைத்த நேரத்தில் இவ்விரண்டையும் பற்றிப் படித்தேன். படித்ததை இன்று மாணவர்களாகிய உங்களுக்குக் கூறி, அக்கடனைத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து, ஒரு மேனிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கச் சேர்ந்த புதிது. நீரை மின்சாரத்தால் ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்னும் இரு வாயுக்களாகப் பிரிக்கும் சோதனையை வகுப்பில் செய்து காட்டினேன். பிளாட்டினத் தகடு பொருத்திய கருவியை வாங்கும் வசதி பள்ளிக்கு இல்லை. ஆகவே, தீர்ந்துபோன டார்ச் விளக்கு பாட்டரிகளை உடைத்து, அவற்றின் நடுவிலிருந்த கரிக்கோல்களை எடுத்துத் துடைத்து, அவற்றையே மின்வாய்களாக வைத்துக்கொண்டோம். கண்ணாடிக் குவளையில் நீரும், மின்சாரம் பாய்வதற்காகச் சிறிது கந்தக அமிலமும் இருந்தன.

முதலில் ஒரே ஒரு பாட்டரியை இணைத்தேன். அதன் அழுத்தம் 1.5 வோல்ட்டு. கோல்களில் குமிழி எழவில்லை. இரண்டு பாட்டரிகளைத் தொடராக இணைத்தேன்; அழுத்தம் 3 வோல்ட்டு ஆயிற்று. உடனே குமிழிகள் சரஞ்சரமாகக் கிளம்பின. முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "சார், நீரைப் பிரிக்க 1.23 வோல்ட்டு போதும் என்று நேற்றுக் கணக்குப் போட்டுக் காட்டினீர்களே. 1.5 வோல்ட்டு கொடுத்தும் ஏன் பிரியவில்லை? இரண்டாவது பாட்டரி கொடுத்ததெல்லாம் எங்கே போகிறது?" என்று கேட்டான். "நீரின் தடையில் போகிறது" என்று கூறிவிட்டு, அடுத்த பகுதிக்குச் சென்றேன். அது முழு உண்மையன்று. எனக்கு விடை தெரியாது என்பதே உண்மை.

குவளையருகே குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மற்றொரு மாணவன், "இந்தக் கோலின் முனை உடைந்திருக்கிறது, சார். உடைந்த இடத்தில்தான் குமிழி அதிகமாக வருகிறது" என்றான். "அது பழுதான கோல். எடுத்துப் போட்டுவிட்டு வேறு நல்ல கோலை வை" என்றேன். அவனும் அவ்வாறே செய்தான்.

முதல் மாணவனின் கேள்விக்கும் இரண்டாம் மாணவன் கண்ட காட்சிக்கும் உறவு உண்டு என்பதை நான் அன்று அறியவில்லை. அவ்வுறவே இன்றைய பேச்சின் பொருள்.

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். நீரைப் பிரிப்பதற்குச் செலவாகும் ஆற்றலும், பிரிந்த இரு வாயுக்களையும் மீண்டும் நீராகச் சேர்க்கும்போது கிடைக்கும் ஆற்றலும் கணக்கின்படி சமமானவை. வாயுக்களைச் சேர்த்து மின்சாரம் பெறலாம் என்பதை வில்லியம் குரோவ் என்னும் அறிஞர் 1839-ஆம் ஆண்டிலேயே காட்டினார். அவர் அமைத்ததே எரிபொருள் மின்கலத்தின் முன்னோடி. 1969-இல் மனிதரைச் சந்திரனுக்குக் கொண்டுசென்ற அப்பல்லோ விண்கலத்தில் மின்சாரமும் குடிநீரும் தந்தவை இவ்வகை மின்கலங்களே. ஆனால் நடைமுறையில், நீரைப் பிரிக்க 1.23 வோல்ட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது. வாயுக்களைச் சேர்க்கும்போதோ 1.23 வோல்ட்டு கிடைப்பதில்லை; நன்கு அமைந்த மின்கலமும் வேலை செய்யும்போது ஏறத்தாழ 0.7 வோல்ட்டுதான் தருகிறது. போகும்போதும் சுங்கம், வரும்போதும் சுங்கம் என்பது போன்ற நிலை இது.

இந்தச் சுங்கத்தை வாங்குவது யார்? நீரின் தடையும் ஒரு பங்கு வாங்குகிறது. அந்த அளவில் நான் கூறியது பொய்யன்று. எங்கள் கரிக்கோல்களில் ஹைட்ரஜனும் தன் பங்கை வாங்கியிருக்கும். நல்ல பிளாட்டின மின்வாயில் ஹைட்ரஜன் மிகச் சிறிதே கேட்கும். அங்கும் விடாமல் பெரும்பங்கு வாங்குவது ஆக்சிஜன். பிராணவாயு என்று நாம் போற்றும் அந்த வாயு, மின்வாயில் மிகவும் தயக்கத்தோடு வினைபுரிகிறது.

அதன் தயக்கத்திற்குக் காரணம் உண்டு. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு நீராக வேண்டுமானால், அது நான்கு எலெக்ட்ரான்களையும் நான்கு ஹைட்ரஜன் அயனிகளையும் ஏற்க வேண்டும். நான்கையும் ஒரே சமயத்தில் ஏற்க முடியாது. முதலில் மின்வாயின் பரப்பை ஆக்சிஜன் பற்றிக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வோர் எலெக்ட்ரானாகப் பெற்று, இரு ஆக்சிஜன் அணுக்களுக்கு இடையிலுள்ள உறுதியான பிணைப்பை முறித்து, இறுதியில் நீராக மாறிப் பரப்பை விட்டு விலக வேண்டும். இதனை நான்கு படிகள் உள்ள இறக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்த இறக்கத்தின் அளவை இயற்கை வரையறுத்துவிட்டது. அதை மாற்ற யாராலும் இயலாது. படிகள் நான்கும் ஒரே அளவாக இருந்தால் குழந்தையும் எளிதில் இறங்கும். ஒரு படி மிகப் பெரிதாகவும், மற்றொன்று இல்லாததுபோல் சிறிதாகவும் இருந்தாலோ, இறங்குவோர் அங்கே தடுமாறி நிற்பர். அந்தத் தடுமாற்றத்தைக் கடக்கச் செலவாகும் அழுத்தமே நம் மாணவன் கேட்ட கேள்விக்கு உரிய விடையின் பெரும்பகுதி.

படிகளின் அளவைத் தீர்மானிப்பது மின்வாயின் பரப்பு. பரப்பு ஆக்சிஜனைப் பற்றாவிட்டால் முதற்படியே நிகழாது. மிக இறுகப் பற்றினால், வினை முடிந்த பின்னும் விடாது. கடைசிப் படி நிகழாது. பற்றவும் வேண்டும், விடவும் வேண்டும். வினையூக்கிகளுக்கெல்லாம் பொதுவான இந்த விதியைப் பிரெஞ்சு நாட்டு வேதியியல் அறிஞர் பால் சபாட்டியே எடுத்துக்கூறினார். அவர் 1912-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றவர். ஆக்சிஜனைப் பொறுத்தவரையில் இந்த அளவறிந்த பிடிக்குப் பெயர்பெற்ற உலோகம் பிளாட்டினம். அதுவும் வேண்டியதற்குச் சற்று அதிகமாகவே பற்றுகிறது. ஆயினும் மற்றத் தனி உலோகங்களைவிட மேலானது.

பிளாட்டினத்தின் விலையை நான் சொல்ல வேண்டியதில்லை. உலகில் தோண்டி எடுக்கப்படும் பிளாட்டினத்தின் பெரும்பகுதி தென் ஆப்பிரிக்கா என்னும் ஒரே நாட்டிலிருந்து வருகிறது. புகையின்றி ஓடும் வண்டிகளுக்கும், வெயிலிலும் காற்றிலும் பிறக்கும் மின்சாரத்தைச் சேமிக்கும் முறைகளுக்கும் ஆக்சிஜன் வினை வேண்டும். அவ்வினைக்குப் பிளாட்டினத்தையே நம்பியிருந்தால், அவை வசதியுள்ளவர்களின் உடைமையாகவே நின்றுவிடும். ஆகவே, எங்கும் கிடைக்கும் மலிவான பொருள் ஒன்று பிளாட்டினத்தின் வேலையைச் செய்யுமா என்று அறிஞர்கள் தேடினார்கள். அத்தேடலில் அவர்கள் கண் சென்ற இடம் கரி.

கரியின் அமைப்பைச் சிறிது பார்ப்போம். உங்கள் பென்சிலில் இருக்கும் கிராபைட்டு, தாள்களை அடுக்கிய புத்தகம் போன்றது. ஒவ்வொரு தாளும் ஓர் அணுவின் கனமே உடையது. அத்தாளில் கார்பன் அணுக்கள் தேனடையின் அறைகளைப்போல் அறுகோணம் அறுகோணமாக அமைந்திருக்கின்றன. அடுத்தடுத்த அணுக்களுக்கு இடையிலுள்ள தூரம் 0.142 நானோமீட்டர், தாளுக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளி 0.335 நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே நானோமீட்டர். இந்தத் தாள் ஒன்றைத் தனியே உரித்தெடுத்து ஆராய்ந்த வரலாறு சுவையானது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆந்திரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் என்னும் இருவர், நாம் காகிதம் ஒட்டப் பயன்படுத்தும் பசை நாடாவைக் கிராபைட்டின் மேல் ஒட்டி ஒட்டி உரித்து, 2004-இல் அதனைப் பெற்றனர். அதற்குக் கிராபீன் என்று பெயர். அதைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 2010-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தாளைச் சுருட்டிய குழாய் போன்ற வடிவமும் உண்டு. 1991-இல் ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா அதனை ஆராய்ந்து உலகறியச் செய்தார். இவற்றையே கார்பன் நானோப் பொருள்கள் என்கிறோம்.

குறையற்ற கிராபீன் தாள் மிகவும் உறுதியானது. மின்சாரத்தை நன்கு கடத்துவது. ஆனால் ஆக்சிஜனை நீராக்கும் வேலைக்கு அது பெரும்பாலும் உதவாது. காரணம் யாது? கார்பன் அணுவுக்கு நான்கு கைகள் இருப்பதாகக் கொள்ளுங்கள். தாளில் அது மூன்று கைகளால் மூன்று அண்டை அணுக்களைப் பற்றியிருக்கிறது. நான்காம் கையில் உள்ள எலெக்ட்ரானை, ஊரார் கூடிப் போடும் பந்தலுக்குக் கொடுப்பதுபோல், தாள் முழுவதுக்கும் பொதுவாகக் கொடுத்துவிடுகிறது. எல்லா அணுக்களும் ஒரே நிலையில், ஒரே நிறைவில் இருக்கின்றன. வந்து நிற்கும் ஆக்சிஜனுக்குப் பற்றிக்கொள்ள ஒரு பிடியும் இல்லை. குறையற்ற தாள், தனக்குள் நிறைவு கண்டு, விருந்தினரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

தாளில் குறை எங்கே இருக்கிறதோ அங்கே நிலைமை மாறுகிறது. அக்குறைகளை மூன்று வகையாகச் சொல்லலாம். முதலாவது, தாளின் ஓரம். ஓரத்து அணுவுக்கு ஒரு பக்கத்தில் அண்டை அணு இல்லை. அதனால் அங்கு எலெக்ட்ரான்களின் பரவல் தாளின் நடுவில் இருப்பதுபோல் இல்லை. இரண்டாவது, வெற்றிடம். வரிசையில் ஓர் அணு இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பது. கைகோத்து நிற்கும் பிள்ளைகளுள் ஒருவன் போய்விட்டால், அவனைப் பற்றியிருந்தவர்களின் கைகள் நீட்டியபடி நிற்பதுபோல், சுற்றியுள்ள அணுக்கள் பற்றுக்கோடு தேடும். மூன்றாவது, வடிவம் பிறழ்ந்த வளையம். ஆறு அணுக்கள் சேர வேண்டிய இடத்தில் ஐந்தோ ஏழோ சேர்ந்திருப்பது. அறுகோணங்கள் நடுவே ஐங்கோணம் ஒன்று நுழைந்தால் தாள் தட்டையாக இராமல் கிண்ணம்போல் குவியும். கால்பந்தில் இதைக் காணலாம். வெள்ளை அறுகோணங்கள் 20-க்கு இடையே கறுப்பு ஐங்கோணங்கள் 12 இருப்பதால்தான் அது உருண்டையாகிறது. இத்தகைய இடங்களில் எலெக்ட்ரான்கள் சமமாகப் பரவாமல், ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் நிற்கின்றன. ஆக்சிஜன் பற்றுவதற்கு வேண்டிய பிடி அங்கே கிடைக்கிறது. படிகளின் ஏற்றத்தாழ்வும் குறைகிறது.

இங்கே இரண்டாம் மாணவனிடம் திரும்புவோம். உடைந்த முனையில் குமிழி மிகுதி என்றான் அவன். அதற்கு எளிய விளக்கம் உண்டு. உடைந்த முனை கரடுமுரடானது. ஆகவே அதன் பரப்பு அதிகம். குமிழி தங்கி வளரக் குழிகளும் உண்டு. டார்ச் கட்டையின் கரிக்கோலோ கரித்தூளைக் குழைத்துச் சுட்டுச் செய்தது. அதில் தாள்கள் எல்லாத் திசையிலும் கலைந்து கிடக்கும். எனவே அன்று நாங்கள் கண்டதற்குப் பரப்பே முதற்காரணமாக இருந்திருக்கக்கூடும். உடைந்த முனையைக் கண்டவுடன் குறையின் பெருமை விளங்கிவிட்டது என்று கூறுவது அறிவியல் ஆகாது. பரப்பினால் வரும் பயனையும், ஓரத்து அணுவின் தன்மையால் வரும் பயனையும் வேறு பிரித்துக் காட்டும் சோதனை வேண்டும்.

அத்தகைய சோதனை ஒன்றைச் சீனாவில் ஹூனான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் 2014-இல் வெளியிட்டனர். அதன் எளிமை என்னை மிகவும் கவர்ந்தது. தாள்கள் மிக ஒழுங்காக அடுக்கப்பட்ட கிராபைட்டுத் துண்டு ஒன்றை அவர்கள் எடுத்துக்கொண்டனர். மூடிய புத்தகம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அட்டைப் பக்கம் தாளின் சமதளம். பக்கங்களின் விளிம்புகள் தெரியும் பக்கம் ஓரம். காற்றுக் கரைந்த மின்பகு திரவத்தின் ஒரு சிறு துளியைச் சமதளத்தின் மேல் வைத்து, ஆக்சிஜன் எவ்வளவு வினைபுரிகிறது என்று அளந்தனர். பிறகு அதேபோன்ற துளியை ஓரத்தின் மேல் வைத்து அளந்தனர். பொருள் ஒன்று, திரவம் ஒன்று, துளி தொடும் இடம் மட்டுமே வேறு. ஓரத்தில் வைத்த துளியிலேயே ஆக்சிஜன் நன்கு வினைபுரிந்தது. என் மாணவன் குவளையருகே குனிந்து பார்த்ததைப் போலவேதான் அவர்களும் பார்த்தார்கள். வேறுபாடு என்னவெனில், அவர்கள் பார்த்ததோடு நில்லாமல், ஐயத்திற்கு இடமில்லாதபடி மீண்டும் கேட்டார்கள்.

இந்த உண்மை நேர்வழியில் வந்துவிடவில்லை. 2009-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் லிமிங் தாய் என்பவரின் குழு, நைட்ரஜன் அணுக்களைக் கலந்து வளர்த்த கார்பன் நானோக்குழாய்கள் காரக் கரைசலில் பிளாட்டினத்தைவிடச் சிறப்பாக ஆக்சிஜன் வினையை நடத்துகின்றன என்று அறிவித்தது. நைட்ரஜன் அணு அண்டையிலுள்ள கார்பனிடமிருந்து எலெக்ட்ரானைத் தன்பால் இழுக்கிறது. அதனால் அந்தக் கார்பன் சிறிது நேர்மின் தன்மை அடைந்து ஆக்சிஜனைப் பற்றுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். உலகெங்கும் ஆய்வாளர்கள் நைட்ரஜனையும் போரானையும் கந்தகத்தையும் கரியில் கலக்கத் தொடங்கினர். பெருமை முழுவதும் வந்து சேர்ந்த அயல் அணுவுக்கே என்று பலரும் எண்ணினர்.

பின்னர் ஐயங்கள் எழுந்தன. கிராபீனைத் தயாரிக்கும்போது சேரும் மாங்கனீசு போன்ற உலோகங்களின் சுவடே வேலையைச் செய்கிறது, உலோகமற்றது என்ற பெயர் பொருந்தாது என்று சிங்கப்பூரில் பணியாற்றிய ஆய்வாளர்கள் 2013-இல் எடுத்துக்காட்டினர். சமையலில் உப்பிட்டவர் யார் என்று தெரியாமல் சுவையைப் புகழ்ந்தது போலாயிற்று. அதன்பின் ஆய்வாளர்கள் தங்கள் கரியில் உலோகத்தின் கலப்பு எவ்வளவு என்று மேலும் கருத்தோடு பார்க்க வேண்டியதாயிற்று.

2015-இல் சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழகக் குழு ஒன்று நைட்ரஜனும் பிற அயல் அணுவும் கலவாத கரிக்கூடுகளைச் செய்து ஆராய்ந்தது. மக்னீசியம் ஆக்சைடுத் துகள்களின் மேல் கரியைப் படியச் செய்து, பிறகு துகள்களைக் கரைத்து எடுத்துவிட்டால், உள்ளே வெறுமையான நுண்ணிய கரிக்கூடு எஞ்சும். அக்கூட்டில் மூலைகளும் ஓரங்களும் துளைகளும் நிறைய உண்டு. அயல் அணு இல்லாமலே அது ஆக்சிஜனை நன்கு வினைபுரியச் செய்தது. ஐங்கோணங்களும், ரம்பப்பல் போன்ற ஓரங்களும் இதற்குக் காரணமாகும் என்று கணக்கிட்டுக் காட்டினர்.

அடுத்த ஆண்டில் ஆஸ்திரேலியாவின் கிரிபித் பல்கலைக்கழகத்தில் சியாங்டோங் யாவோ என்பவரின் குழு இன்னும் துணிவான வழியில் சென்றது. கிராபீனில் முதலில் நைட்ரஜனைச் சேர்த்தனர். பிறகு ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் அந்த நைட்ரஜனை வெளியேற்றினர். நைட்ரஜன் இருந்த இடங்கள் வெற்றிடங்களாயின; சுற்றியுள்ள கார்பன் அணுக்கள் தம்முள் கைகோத்துக்கொண்டு ஐங்கோணம், எழுகோணம் முதலிய வளையங்களை அமைத்தன. நைட்ரஜனே வினைக்குக் காரணம் என்றால் நைட்ரஜன் போனதும் வினை தளர வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. நைட்ரஜன் நீங்கிய குறையுள்ள கிராபீன், நைட்ரஜன் இருந்த கிராபீனைவிட மேலாகப் பணிசெய்தது. தங்கியிருந்த விருந்தாளியைவிட, அவர் விட்டுச்சென்ற இடமே பயன்பட்டது.

வழக்கு இதோடு முடிந்துவிட்டதாக எண்ண வேண்டா. அதே 2016-இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழக அறிஞர்கள், ஒருவகை நைட்ரஜனுக்கு அருகிலுள்ள கார்பன் அணுவே வினை நடக்கும் இடம் என்று நல்ல சான்றுகளோடு காட்டினர். 2019-இல் யாவோ குழுவினரும் மற்றவர்களும் அமிலக் கரைசலில் ஐங்கோணக் குறையே முதன்மையானது என்று சான்று காட்டினர். இரு சாராரும் ஒழுங்கான கிராபைட்டையே ஆய்வுக்குக் கொண்டவர்கள். இரு சாராரும் திறமை மிக்கவர்கள். குறையும் அயல் அணுவும் அருகருகே இருக்கும்போது ஒன்றுக்கொன்று துணைபுரிவதும் உண்டு. பாடநூலில் ஒரு வரியாக நாம் படிக்கும் உண்மை, எத்தனை வாதங்களைக் கடந்து வருகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் குறைகளை எவ்வாறு அறிகின்றனர் என்று நீங்கள் கேட்கலாம். எலெக்ட்ரான் நுண்பெருக்காடியால் நேரே பார்ப்பது ஒரு வழி. 2004-இல் ஜப்பானிய அறிஞர்கள் கிராபீன் தாளில் அணு விடுபட்ட இடத்தை அவ்வாறு படமெடுத்துக் காட்டினர். ஆய்வுக்கூடங்களில் நாள்தோறும் கையாளும் எளிய வழி மற்றொன்று. அது திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928-இல் கல்கத்தாவில் கண்டறிந்த விளைவு. கரியின் மேல் ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் சில புதிய வரிகள் தோன்றும். அலை எண் 1580-ஐ ஒட்டித் தோன்றும் வரி கிராபைட்டு அமைப்புக்கே உரியது. 1350-ஐ ஒட்டித் தோன்றும் வரியோ, தாளில் குறை இருந்தால் மட்டுமே தோன்றும்; குறையற்ற தாளில் அது எழ இயலாது. இவ்விரு வரிகளின் வலிமையை ஒப்பிட்டுக் குறை எவ்வளவு என்று மதிப்பிடுகின்றனர். 1970-இல் இம்முறைக்கு அடிகோலப்பட்டது. கடலின் நீலநிறத்தைக் கண்டு வியந்து தொடங்கிய ஆராய்ச்சி, கரித்தாளில் விடுபட்ட அணுவுக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறது.

இனி ஓர் எச்சரிக்கை. குறை நன்மை செய்கிறது என்று கேட்டவுடன், குறை மிக மிக நன்மை பெருகும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தாளில் துளைகள் அளவுக்கு மிஞ்சினால் மின்சாரம் ஓடும் பாதையே அறுந்துபோகும். எலெக்ட்ரான் வந்து சேராத இடத்தில் எத்தனை பிடிகள் இருந்தும் பயனில்லை. எல்லாக் குறையும் ஒரே வேலையைச் செய்வதுமில்லை. சில ஓரங்களில் ஆக்சிஜன் நான்கு எலெக்ட்ரான்களைப் பெறாமல் இரண்டோடு நின்று, ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறிவிடும். மின்கலத்திற்கு அது கேடு, உறுப்புகளை அரிக்கும். ஆனால் புண் கழுவவும் காகிதம் வெளுக்கவும் பெராக்சைடு வேண்டும். 2018-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார், ஓரங்களிலும் குறைகளிலும் ஆக்சிஜன் ஏற்றிய கரியைக் கொண்டு, வினையில் ஏறத்தாழ நூற்றுக்கு 90 பங்கு பெராக்சைடாகவே வரும்படி செய்தனர். ஓரிடத்தில் களையாக இருப்பது மற்றோரிடத்தில் பயிர்.

இன்னொரு தடையும் உண்டு. நீரைப் பிரித்து ஆக்சிஜனை எழுப்பும் திசையில், கரி தானே சிறிது சிறிதாக எரிந்து கரியமில வாயுவாகத் தேயும். அன்று எங்கள் குவளையின் அடியில் கறுப்புத் தூள் படிந்தது எனக்கு நினைவிருக்கிறது. குறையுள்ள இடம் ஆக்சிஜனை எளிதில் பற்றுவதுபோல், ஆக்சிஜனால் எளிதில் தாக்கப்படவும் செய்கிறது. அமிலக் கரைசலில், உலோகம் கலவாத கரி இன்னும் பிளாட்டினத்துக்கு ஈடாகவில்லை. காரக் கரைசலில் அது நன்கு பணிசெய்கிறது. ஆகவே காற்றிலுள்ள ஆக்சிஜனையும் துத்தநாகத்தையும் கொண்டு இயங்கும் மின்கலங்களில் அதற்கு நல்ல இடம் காத்திருக்கிறது. காது கேளாதோர் அணியும் கருவியில் பொத்தான்போல் இருக்கும் மின்கலம் இவ்வினத்தைச் சேர்ந்தது. வேண்டிய குறையை, வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில் அமைப்பதும், அமைத்ததை நெடுநாள் நிலைக்கச் செய்வதும் இன்று ஆராய்ச்சியாளர்முன் நிற்கும் பணி. நம் நாட்டில் மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் 1953-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. இதைக் கேட்கும் உங்களுள் சிலர் அத்தகைய இடங்களில் இப்பணியைத் தொடரக்கூடும்.

என் கடனுக்கு வருகிறேன். முதல் மாணவனுக்கு விடை இது: தம்பி, இரண்டாவது பாட்டரி கொடுத்ததெல்லாம் நீரின் தடையில் மட்டும் போகவில்லை. அதில் பெரும்பகுதி மின்வாயின் பரப்பில், ஆக்சிஜன் கடக்க வேண்டிய நான்கு படிகளின் ஏற்றத்தாழ்வில் போயிற்று. அந்தப் பரப்பை மாற்றினால் இழப்பைக் குறைக்கலாம். முழுவதும் நீக்க இன்றுவரை யாருக்கும் வழி புலப்படவில்லை.

இரண்டாம் மாணவனுக்கு நான் கூற வேண்டியது விடையன்று. குறையுள்ள மனிதரெல்லாம் கரியைப்போல் என்று உவமை கூறி ஒரு நீதியை எடுத்து ஓத எனக்கு விருப்பமில்லை, மாணவர்கள் அணுக்களல்லர். ஆனால் ஆசிரியன் கற்க வேண்டிய நீதி ஒன்று இதில் உண்டு. அன்று அவன் கண்டது பரப்பின் விளைவாகவே இருந்திருக்கலாம். அதைச் சோதித்து அறிய வாய்ப்பு இருந்தது. முனை உடைந்த கோல் ஒன்று, முனை வழவழப்பான கோல் ஒன்று, இரண்டையும் ஒரே குவளையில் வைத்து, ஒரே அளவு தொடும்படி அமிழ்த்திப் பார்த்திருந்தால் அன்றைய வகுப்பு சிறந்த வகுப்பாக இருந்திருக்கும். பாடம் முடிய வேண்டும் என்ற அவசரத்தில், கண்ணால் கண்டதைச் சொன்ன பிள்ளையிடம், அதைக் குப்பையில் போடு என்றேன்.

மாணவர்களே, உங்கள் சோதனை புத்தகத்தில் உள்ளபடி வராவிட்டால் அதனை மறைத்து எழுதாதீர்கள். எதிர்பாராதது எங்கே நிகழ்ந்தது என்று குறித்து வையுங்கள். ஆசிரியர் விடை கூறவில்லையெனில் அக்குறிப்பைப் பத்திரப்படுத்துங்கள். உடைந்த கோலை மட்டும், அதன் முனையை ஒருமுறை நன்றாகப் பார்க்காமல், எறிந்துவிடாதீர்கள்.